மேற்குக் கேப் பல்கலைக்கழகச் சமுதாயச் சட்ட நிலையம்: ஓர் ஆய்வு நிறுவனத்தின் தோற்றமும் முரண்பாடும்

1

பல்கலைக்கழக ஆய்வு நிலையமொன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர், அதனைத் தொடக்கி வைத்த அறிஞரின் பெயர், கட்டடம் திறக்கப்பட்ட ஆண்டு, வெளியிடப்பட்ட நூல்களின் தொகை ஆகியவற்றைக் கூறி அமைவதே பெருவழக்கு. அறிவு அறிவிலிருந்தே பிறக்கிறது என்னும் கருத்துமுதல்வாத நம்பிக்கை இத்தகைய வரலாறுகளின் அடித்தளத்தில் உண்டு. எந்தத் துறைக்கும் முழுமையாகப் பொருந்தாத இந்நோக்கு, அரசியல் யாப்புச் சட்டத்துக்குச் சிறிதும் பொருந்தாது. ஒரு நாட்டில் அதிகாரம் யாரிடம் உள்ளது, நிலமும் சொத்தும் யாரிடம் உள்ளன என்பவற்றைச் சட்டமொழியில் நிலைநிறுத்தும் ஆவணமே யாப்பு ஆகும். ஆகவே, யாப்பினை ஆராய்வதற்கென ஒரு நிலையம் எக்கட்டத்தில், எவருடைய தேவை கருதி அமைக்கப்பட்டது என்னும் வினா, சமூகப் போராட்ட வரலாற்றின் ஒரு கூறாகவே நோக்கப்படல் வேண்டும்.

தென்னாபிரிக்காவின் கேப்டவுன் நகருக்கு அண்மையிலுள்ள மேற்குக் கேப் பல்கலைக்கழகத்தில் 1990 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட சமுதாயச் சட்ட நிலையம் இவ்வகையில் ஆராயத்தக்கது. அதன் முதற் பணிப்பாளராக அமைந்த சட்டத்தரணி டுல்லா ஓமர், நான்கு ஆண்டுகளின் பின் ஜனநாயகத் தென்னாபிரிக்காவின் முதலாவது நீதி அமைச்சரானார். மேலும் ஆறு ஆண்டுகளின் பின், அவர் அங்கம் வகித்த அரசாங்கத்துக்கு எதிரான வழக்கொன்றில் அவர் நிறுவிய நிலையம் வறியவர் பக்கம் நின்று வாதிட்டது. மேலோட்டமாக நோக்குவோர்க்கு இது ஒரு தலைகீழ் மாற்றமாகத் தோன்றலாம். ஆயின் நிலையத்தைத் தோற்றுவித்த தேவையே அதனை இவ்விடத்துக்குக் கொண்டுவந்தது என்பதும், அத்தேவை சட்டத்தால் மட்டும் நிறைவுறத்தக்கதன்று என்பதும் இக்கட்டுரையின் துணிபாகும்.

2

நிலையம் தோன்றிய பல்கலைக்கழகத்தின் பிறப்பே ஒரு சட்டத்தின் விளைவாகும். 1959 ஆம் ஆண்டின் பல்கலைக்கழகக் கல்வி விரிவாக்கச் சட்டம், பெயருக்கு முற்றிலும் மாறாக, உயர்கல்வியை இனவாரியாகக் கூறுபோட்டது. கேப்டவுன், விற்வாட்டர்ஸ்ராண்ட் ஆகிய பல்கலைக்கழகங்களில் அதுவரை ஓரளவு திறந்திருந்த கதவுகளும் வெள்ளையரல்லாதோர்க்கு மூடப்பட்டன. அமைச்சரின் அனுமதியின்றி அவர்கள் அங்கு சேர்தல் இயலாதாயிற்று. ஆபிரிக்கர், இந்தியர், கலப்பினத்தவர் என வகுக்கப்பட்டோர்க்குத் தனித்தனிக் கல்லூரிகள் அமைக்கப்பட்டன. கலப்பினத்தவர்க்கென பெல்வில் பகுதியில் 1960 இல் 166 மாணவருடன் தொடங்கப்பட்டதே மேற்குக் கேப் பல்கலைக்கழகக் கல்லூரி. புதர்நிலத்திடையே அமைந்த அதனை மாணவர்கள் 'புதர்' என்றே அழைத்தனர். ஏளனமாகத் தொடங்கிய அப்பெயர் பின்னர் பெருமைக்குரியதாயிற்று.

இனஒதுக்கல் ஆட்சியாளர் அக்கல்லூரியிடம் எதிர்பார்த்தது தெளிவு. கலப்பினத்தவர்க்கெனத் தனியாக அமைக்கப்பட்ட நிருவாகத்துக்கு எழுதுவினைஞரையும் ஆசிரியரையும் இடைநிலை அலுவலரையும் அது உருவாக்கித் தரவேண்டும். அவர்கள் ஆபிரிக்கப் பெரும்பான்மையினரிடமிருந்து விலகி நிற்கவேண்டும். ஆயின், ஒடுக்குவோர் தம் தேவைக்கு அமைக்கும் கல்விக்கூடமே ஒடுக்கப்படுவோரின் அறிவாளர் ஒன்றுகூடும் களமாதல் குடியேற்றநாடுகளின் வரலாற்றில் பலமுறை நிகழ்ந்ததொன்று. 1970 இல் பல்கலைக்கழகத் தகுதி கிடைத்தது. 1973 இல் மாணவர் கிளர்ச்சி மூண்டது. 1975 இல் ரிச்சார்ட் வன் டெர் றொஸ் முதலாவது கறுப்பினத் தலைவராக நியமிக்கப்பட்டார். இனஒதுக்கற் கோட்பாட்டைத் தான் நிராகரிப்பதாக 1982 இல் அப்பல்கலைக்கழகம் தன் நோக்கக் கூற்றிலேயே அறிவித்தது.

3

யாப்பு என்பது சட்ட அறிஞரின் மேசையிலிருந்து தெருவுக்கு வந்தது 1983 இலாகும். அவ்வாண்டு பி. டபிள்யூ. போத்தாவின் அரசாங்கம் கொண்டுவந்த புதிய யாப்பு மூன்று சபைகளைக் கொண்ட பாராளுமன்றம் ஒன்றை அமைத்தது. வெள்ளையர் சபைக்கு 178 உறுப்பினர், கலப்பினத்தவர் சபைக்கு 85, இந்தியர் சபைக்கு 45. நாட்டின் பெரும்பான்மையினரான ஆபிரிக்கருக்கு ஓரிடமேனும் இல்லை. வெள்ளையர் உறுப்பினரின் தொகை ஏனைய இரு சபையினரின் கூட்டுத்தொகையிலும் மிகுந்தது என்பதைக் கூட்டிப் பார்ப்போர் எவரும் உணர்வர். பகிர்வு என்ற பெயரில் மேலாதிக்கத்தைப் பேணும் உத்தி இது. ஒடுக்கப்பட்டோருள் ஒரு பகுதியினரை இளைய பங்காளிகளாக்கி, எஞ்சியோரைத் தனிமைப்படுத்துவதே இதன் உள்நோக்கம்.

இவ்வாறு பங்காளிகளாக்கக் கருதப்பட்ட மக்களின் பிள்ளைகளே மேற்குக் கேப் பல்கலைக்கழக மாணவர்கள் என்பது மனங்கொள்ளத்தக்கது. 1983 ஆகஸ்ட் 20 ஆந் திகதி கேப்டவுனின் மிச்சல்ஸ் பிளேன் பகுதியில் ஐக்கிய ஜனநாயக முன்னணி உதயமானது. தொழிற்சங்கங்கள், குடியிருப்பாளர் சங்கங்கள், மாணவர் அமைப்புகள், மதக் குழுக்கள் ஆகிய நூற்றுக்கணக்கான அமைப்புகளை ஒன்றுசேர்த்தது ஒரு யாப்புக்கு எதிரான எதிர்ப்பே. 1984 தேர்தலைக் கலப்பினத்தவரும் இந்தியரும் பெருமளவிற் பகிஷ்கரித்தனர். யாப்பு மக்களால் நிராகரிக்கப்படக் கூடியதாயின், மக்களால் ஆக்கப்படவும் கூடியதுதானே என்னும் சிந்தனை இங்கிருந்தே வலுப்பெற்றது.

டுல்லா ஓமர் இச்சூழலின் மனிதர். 1934 இல் கேப்டவுனில் இந்திய வம்சாவளி முஸ்லிம் குடும்பமொன்றிற் பிறந்து, கேப்டவுன் பல்கலைக்கழகத்திற் சட்டம் பயின்றவர். இளமையில் ஒற்றுமை இயக்கத்தைச் சார்ந்திருந்தார். 1943 இல் பத்து அம்ச வேலைத்திட்டத்தை முன்வைத்த இவ்வியக்கம், ஒடுக்குமுறை நிறுவனங்களோடு ஒத்துழையாமையைக் கொள்கையாகக் கொண்ட இடதுசாரி மரபினது. அரசியற் கைதிகளுக்காக நீதிமன்றங்களில் தோன்றிய அவர், கட்சி வேறுபாடு கருதாது ஆபிரிக்கத் தேசிய காங்கிரசினர்க்கும் அனைத்து ஆபிரிக்கக் காங்கிரசினர்க்கும் வாதாடினார். பின்னர் ஐக்கிய ஜனநாயக முன்னணியின் மேற்குக் கேப் தலைமைக்கு வந்தார். தடுப்புக்காவலையும் அனுபவித்தார். இராணுவத்தின் இரகசியக் கொலைப்பிரிவு ஒன்று, அவருடைய இருதய நோய் மாத்திரைகளுக்குப் பதிலாக நஞ்சை வைத்துக் கொல்லத் திட்டமிட்டமை பின்னர் வெளிவந்தது. யாப்புச் சட்ட ஆய்வு அந்நாட்டில் எத்தகைய மனிதரால், எத்தகைய நிலைமையில் தொடக்கப்பட்டது என்பதற்கு இச்செய்தி போதிய சான்றாகும்.

4

நிலையத்துக்கு இடமளித்த பல்கலைக்கழகத்தை மாற்றியமைத்ததில் ஜேக்ஸ் கேர்வெலின் பங்கு தனித்துக் கூறத்தக்கது. அவர் சட்ட அறிஞரல்லர். ஆபிரிக்கான்ஸ் இலக்கிய ஆய்வாளர். 1948 வரையிலான ஆபிரிக்கான்ஸ் நாவல்களில் கலப்பினத்தவர் எவ்வாறு சித்திரிக்கப்பட்டனர் என்பதைப் பிரசல்ஸ் பல்கலைக்கழகமொன்றிற்கு 1979 இல் கலாநிதிப் பட்ட ஆய்வாகச் சமர்ப்பித்தவர். இனஒதுக்கற் கோட்பாடு சட்டமாவதற்கு முன்னரே புனைகதையில் மனப்படிமமாக நிலைபெற்றிருந்தது என்பதை இலக்கிய ஆதாரங் கொண்டு ஆராய்ந்த ஒருவர், சட்டத்தை மட்டும் மாற்றினால் போதாது, அறிவுற்பத்தியின் நிலைக்களத்தையும் மாற்றவேண்டும் என எண்ணியமை வியப்பன்று. 1987 இல் பல்கலைக்கழகத் தலைமையை ஏற்றபோது ஆற்றிய உரையில், தென்னாபிரிக்கப் பல்கலைக்கழகங்கள் யாவும் ஏதோவொரு கருத்தியலின் இல்லமாகவே இருந்துவந்துள்ளன என்றும், மேற்குக் கேப் பல்கலைக்கழகம் இடதுசாரிகளின் அறிவு இல்லமாக அமையும் என்றும் அவர் அறிவித்தார். நடுநிலை என்னும் போர்வையைக் களைந்த அறிவிப்பு அது. ஆபிரிக்க மாணவர்க்கும் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் வாயில்கள் அகலத் திறக்கப்பட்டன. 'கலப்பினத்தவர் பல்கலைக்கழகம்' என்னும் அரசின் வரையறை நடைமுறையிற் செயலிழந்தது.

5

நாட்டுக்கு வெளியே வேறொரு நீரோட்டம் இதனை நோக்கி வந்துகொண்டிருந்தது. 1986 இல் ஒலிவர் தம்போ, லுசாக்காவில் ஆபிரிக்கத் தேசிய காங்கிரசின் யாப்புக் குழுவை அமைத்தார். அதன் முதற் தலைவர் ஜக் சைமன்ஸ், கேப்டவுன் பல்கலைக்கழகத்திற் கற்பித்துத் தடைசெய்யப்பட்ட மார்க்சிய அறிஞர். ரே அலெக்சாண்டருடன் இணைந்து வர்க்கமும் நிறமும் பற்றிய தென்னாபிரிக்க வரலாற்றை எழுதியவர். சோலா ஸ்க்வெயியா, அல்பி சக்ஸ், காதர் அஸ்மல், பிரிஜிட் மபண்ட்லா ஆகியோரும் இக்குழுவிற் பணியாற்றினர். 1955 இல் கிளிப்டவுனில் ஏற்கப்பட்ட சுதந்திர சாசனத்தின் கோரிக்கைகளைச் சட்ட விதிகளாக மாற்றும் முயற்சியின் பேறாக 1988 இல் யாப்பு வழிகாட்டி நெறிகள் வெளியாகின. அதே ஆண்டு மாப்புட்டோவில் வைக்கப்பட்ட குண்டினால் அல்பி சக்ஸ் தன் வலக்கரத்தையும் ஒரு கண்ணின் பார்வையையும் இழந்தார். உடல்நலம் தேறியபின் 1989 இல் இலண்டன் பல்கலைக்கழகத்தில் தென்னாபிரிக்க யாப்பு ஆய்வு நிலையம் ஒன்றை அவர் தொடக்கினார்.

1990 பெப்ரவரி 2 ஆந் திகதி தடைகள் நீக்கப்பட்டபோது, புலம்பெயர்ந்தோரின் யாப்பு அறிவும் உள்நாட்டு மக்கள் இயக்கத்தின் சட்ட அனுபவமும் சந்திப்பதற்கு ஓரிடம் வேண்டியிருந்தது. அவ்விடமாக 'புதர்' கல்லூரி அமைந்தது. ஓமரின் பணிப்பிற் சமுதாயச் சட்ட நிலையம் அதே ஆண்டிற் தோன்றியது. அஸ்மல் மனித உரிமைச் சட்டம் கற்பிக்க வந்தார். சக்சின் நிலையம் 1992 இல் இலண்டனிலிருந்து அங்கு இடம்பெயர்ந்தது. மபண்ட்லா சமுதாயச் சட்ட நிலையத்திலிருந்து பெண்கள், சிறுவர் உரிமைகள் பற்றிய ஆய்வை ஒருங்கிணைத்தார். ஆபிரிக்கத் தேசிய காங்கிரஸ் யாப்புக் குழுவின் உரிமைச் சாசன வரைவும் 1990 இல் அப்பல்கலைக்கழகத்தின் அபிவிருத்திக் கற்கைகள் நிலையத்தினாலேயே வெளியிடப்பட்டது.

'சமுதாயச் சட்டம்' என்னும் பெயரும் கவனத்துக்குரியது. யாப்புச் சட்டம் என்றோ பொதுச் சட்டம் என்றோ பெயரிடாமை தற்செயலன்று. ஜோகன்னஸ்பேர்க்கில் ஜோன் டுகார்ட் 1978 இல் நிறுவிய பிரயோகச் சட்டக் கற்கைகள் நிலையம், இருக்கும் சட்டத்தின் இடுக்குகளில் நின்று ஒடுக்குமுறையை எதிர்க்கும் தாராண்மைவாத மரபின் சிறந்த சாதனை. பன்னிரண்டு ஆண்டுகள் பிந்திய மேற்குக் கேப் நிலையமோ, வரவிருக்கும் சட்டத்தை ஆக்குவதையே தன் பணியாகக் கொண்டது. முன்னது எதிர்ப்பின் நிறுவனம் எனில், பின்னது அதிகார மாற்றத்தின் நிறுவனம் எனலாம்.

6

பேச்சுவார்த்தைக் காலம் 1991 டிசம்பரிற் தொடங்கி 1993 நவம்பரில் இடைக்கால யாப்பின் ஏற்போடு ஒரு கட்டத்தை அடைந்தது. இக்காலத்தில் நிலையத்தினர் விடுதலை இயக்கத்தின் சிந்தனைக் களமாக இயங்கினர். ஆயின் அவர்கள் எழுதியது வெற்றி பெற்ற புரட்சியின் யாப்பன்று. இராணுவமும் அரச அலுவலர் படையும் பெருஞ் சொத்துகளும் கைமாறாத நிலையில் எழுதப்பட்ட சமரச யாப்பே அது. 1992 இல் பழைய அலுவலரின் பதவிக்கு உத்தரவாதமும், குறித்த காலத்துக்கு அதிகாரப் பகிர்வும் அளிக்கலாம் என முன்மொழிந்தவர் கம்யூனிஸ்ட் கட்சியின் ஜோ ஸ்லோவோ என்பது நிலைமையின் நெருக்கடியை உணர்த்தும்.

1996 டிசம்பர் 10 ஆந் திகதி ஷார்ப்வில்லில் மண்டேலா கையொப்பமிட்ட இறுதி யாப்பு இச்சமரசத்தின் இரு முகங்களையும் காட்டுகிறது. 25 ஆம் பிரிவு சொத்துரிமையைப் பாதுகாக்கிறது. அதே பிரிவு நிலச் சீர்திருத்தத்துக்கும் வழிவிடுகிறது. 26 ஆம் பிரிவு வீட்டுவசதியையும், 27 ஆம் பிரிவு சுகாதாரம், உணவு, நீர், சமூகப் பாதுகாப்பு ஆகியவற்றையும் உரிமைகளாக்குகின்றன. ஆயின் கிடைக்கும் வளங்களுக்கு உட்பட்டு, படிப்படியாக நிறைவேற்றுவதே அரசின் கடமை என்கின்றன. பல நாட்டு யாப்புகளில் இவை நீதிமன்றம் தலையிட முடியாத வழிகாட்டிக் கோட்பாடுகளாக ஒதுக்கப்பட்டவை. தென்னாபிரிக்காவில் இவை வழக்காடத்தக்க உரிமைகளாயின. சுதந்திர சாசனத்தின் குரல் இவ்விரு பிரிவுகளிற் கேட்கிறது. சொத்துடைய வர்க்கத்தின் பேரம்பேசும் வலிமை அவற்றின் நிபந்தனைகளிற் கேட்கிறது.

7

1994 இன் பின் நிலையத்தை அமைத்த தலைமுறை அரசுக்குட் சென்றது. ஓமர் நீதி அமைச்சரானார். உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழுவை அமைத்த 1995 ஆம் ஆண்டுச் சட்டம் அவரது பொறுப்பில் நிறைவேறியது. அஸ்மலும் ஸ்க்வெயியாவும் அமைச்சராயினர். சக்ஸ் யாப்பு நீதிமன்ற நீதியரசரானார். கேர்வெல் மண்டேலாவின் அலுவலகத்துப் பணிப்பாளர் நாயகமானார். இதற்கு முன்னரே, 1991 இல், ஐக்கிய ஜனநாயக முன்னணி கலைக்கப்பட்டிருந்தது. ஆய்வு நிலையம் ஒரே காலத்திற் தன் அறிஞரை அரசிடமும், தன் மக்கள் தளத்தை வரலாற்றிடமும் இழந்தது எனலாம். எஞ்சியது யாப்பு நூல். அந்நூலை ஆக்கிய அரசுக்கு எதிராகவே அதனை வாசிப்பது அடுத்த தலைமுறை ஆய்வாளரின் பணியாயிற்று.

2000 ஆம் ஆண்டின் குரூட்பூம் வழக்கு இதன் முதற் பெரும் களம். கேப்டவுனுக்கு அண்மையில் வொலஸ்டீன் சேரியில் நீர்வசதியும் கழிவகற்றலும் இன்றி வாழ்ந்த மக்கள் வெற்றுநிலமொன்றிற் குடிசையமைத்தனர். 1999 மே மாதத்தில், குளிர்காலத் தொடக்கத்தில், அவர்கள் வெளியேற்றப்பட்டனர். குடிசைகள் இடித்து எரிக்கப்பட்டன. 390 வளர்ந்தோரும் 510 சிறுவரும் விளையாட்டு மைதானமொன்றில் ஒதுங்கினர். வழக்கு யாப்பு நீதிமன்றத்துக்குச் சென்றபோது, சமுதாயச் சட்ட நிலையமும் மனித உரிமைகள் ஆணைக்குழுவும் நீதிமன்றத்துக்கு உதவும் மூன்றாந் தரப்பாகத் தோன்றி, 26 ஆம் பிரிவின் கீழ் எவருக்கும் மறுக்கலாகாத குறைந்தபட்ச அளவொன்று உண்டு என வாதிட்டன. நீதியரசர் சாக் யாக்கூப் எழுதிய தீர்ப்பு அவ்வாதத்தை ஏற்கவில்லை. எனினும், மிகக் கொடிய நிலையிலுள்ளோர்க்கு உடனடி நிவாரணம் அளிக்காத வீடமைப்புத் திட்டம் நியாயமானதன்று, ஆகவே யாப்புக்கு முரணானது எனத் தீர்த்தது. அப்போது ஓமர் போக்குவரத்து அமைச்சராக அமைச்சரவையில் இருந்தார்.

இரண்டாவது களம் 2002 இல் அமைந்தது. எச்.ஐ.வி. தொற்றுடைய தாயிடமிருந்து பிள்ளைக்கு நோய் பரவுவதைத் தடுக்கும் நெவிரப்பின் மருந்தை, தயாரிப்பாளர் ஐந்தாண்டுகளுக்கு இலவசமாக வழங்க முன்வந்தபோதும், அரசாங்கம் மாகாணத்துக்கு இரு பரீட்சார்த்த நிலையங்களுக்குள் மட்டுப்படுத்தியிருந்தது. சிகிச்சை நடவடிக்கை இயக்கம் தொடுத்த வழக்கிலும் நிலையம் மூன்றாந் தரப்பாகத் தோன்றி அதே குறைந்தபட்ச அளவு வாதத்தை முன்வைத்தது. அவ்வாதம் மீண்டும் நிராகரிக்கப்பட்டது. ஆயின் மட்டுப்பாட்டை நீக்குமாறு நீதிமன்றம் அரசாங்கத்துக்குக் கட்டளையிட்டது.

இவ்விரு வழக்குகளும் ஒப்புநோக்கற்குரியன. நீதிமன்றம் ஒன்றே, நிலையத்தின் வாதம் ஒன்றே, அளவுகோலும் ஒன்றே. விளைவோ வேறு. மருந்து நாடெங்கும் தாய்மாரைச் சென்றடைந்தது. குரூட்பூம் தீர்ப்பின் பயனாக 2004 இல் அவசர வீடமைப்புத் திட்டம் வகுக்கப்பட்டதாயினும், வழக்குக்குத் தன் பெயரைத் தந்த ஐரீன் குரூட்பூம் 2008 இல் இறக்கும்போதும் குடிசையிலேயே வாழ்ந்தார். வேறுபாட்டுக்குக் காரணம் பல உண்டு. மருந்து வழங்குவது வீடு கட்டுவதிலும் செலவு குறைந்தது. நில உடைமையை அது தொடுவதில்லை. ஆயின் முதன்மையான காரணம், ஒன்றின் பின்னால் 1998 முதல் ஊர்வலங்களிலும் மருத்துவமனை வாயில்களிலும் தொழிற்சங்கங்களிடையேயும் வேரூன்றிய மக்கள் இயக்கம் இருந்தமையும், மற்றதன் பின்னால் மைதானத்தில் ஒதுங்கிய தொள்ளாயிரம் பேர் மட்டுமே இருந்தமையுமாகும்.

8

சட்டம் பண்ட உறவுகளின் வடிவமே என்னும் கருத்தைப் பசுக்கானிஸ் 1924 இல் விரித்துரைத்தார். சட்டம் ஆளும் வர்க்கத்தின் கருவியாயினும் அவ்வர்க்கத்தையும் கட்டுப்படுத்தும் ஆற்றல் அதற்குண்டு என ஈ. பி. தொம்சன் 1975 இல் வாதிட்டார். மேற்குக் கேப் நிலையத்தின் வரலாறு இவ்விரண்டில் எதனையும் தனித்து உறுதிசெய்யவில்லை. யாப்பு வழங்கிய உரிமையின் எல்லையைச் சொத்துறவுகள் வகுத்தன என்பது முன்னதற்குச் சான்று. அரசைத் தன் சொல்லுக்கே பொறுப்பாளியாக்க வறியவரால் முடிந்தது என்பது பின்னதற்குச் சான்று. எவ்வழக்கில் எது மேலோங்கும் என்பதை நீதிமன்றத்துக்கு வெளியேயுள்ள அணிதிரள்வின் வலிமையே பெரிதும் தீர்மானித்தது.

நிலையத்தின் குறைபாடுகளும் மறைத்தற்குரியனவல்ல. மக்கள் இயக்கம் கலைந்தபின் ஆய்வுக்கான பொருள்வளம் பெரிதும் வெளிநாட்டு நன்கொடை நிறுவனங்களிலிருந்து வந்தது. ஆய்வு தனித்தனித் திட்டங்களாகப் பகுக்கப்பட்டது. சிறுவர் உரிமை, உள்ளூராட்சி, சிறைச்சாலைச் சீர்திருத்தம் ஆகிய துறைகளில் ஆழமான பணி நிகழ்ந்தபோதும், 1990 இல் யாப்பை முழுச் சமூக மாற்றத்தின் ஒரு பகுதியாகக் கண்ட பார்வை சிதறியது. எனினும், ஆட்சிக்கு வந்தோர் தம் நண்பர்களாயினும் அவர்களைக் கேள்விக்குட்படுத்தலாம் என்னும் மரபை அது கைவிடவில்லை. ஓமர் 2004 இல் மறைந்தார். 2015 இல் நிலையம் அவர் பெயரைத் தாங்கிய நிறுவனமாயிற்று.

நிறுவுநரின் பெயரைச் சூட்டுவது எளிது. அவர் எத்தேவைக்காக அதனை நிறுவினாரோ அத்தேவையை மறவாதிருத்தலே கடினம். யாப்பு ஆய்வு நிலையங்கள் அரசுக்கு ஆலோசனை கூறும் அலுவலகங்களாகவும், தீர்ப்புகளைத் தொகுக்கும் நூலகங்களாகவும் சுருங்கிவிடும் ஆபத்து எந்நாட்டுப் பல்கலைக்கழகத்துக்கும் உண்டு. ஓர் ஆய்வு நிலையத்தின் சுதந்திரம் அது எவரிடமிருந்து விலகி நிற்கிறது என்பதால் மட்டும் அளக்கப்படுவதன்று. எவருக்குப் பதில் கூறக் கடமைப்பட்டுள்ளது என்பதாலும் அளக்கப்படும். வொலஸ்டீன் மைதானத்தில் ஒதுங்கியிருந்தோர்க்குப் பதில் கூறக் கடமைப்பட்டதாகத் தன்னைக் கருதிய காலத்திலேயே சமுதாயச் சட்ட நிலையம் தன் பெயரின் பொருளுக்கு மிக அண்மையில் நின்றது.